சோகையின் காரணம் தேடிய லூசி வில்ஸ் அம்மையார்

சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனையை வயதானவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், முகத்திரை அணியும் முஸ்லிம் பெண்களும் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட உடன்படாத சாதி இந்துப் பெண்களும் வந்து வைத்தியம் பார்த்துக்கொள்வதற்காக 1885ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவர் அதன் தோற்றத்துக்குக் காரணமாக இருந்தார். அதே மருத்துவமனையில் 1931ஆம் ஆண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த மற்றொரு பெண் மருத்துவர், கருவுற்ற தாய்மாரின் சோகை நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்தாம் லூசி வில்ஸ் அம்மையார். இன்று கருவுற்ற பெண் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அவள் கையில் சத்து மாத்திரை தருகிறார்கள். அதில் இரும்போடு சேர்ந்திருக்கும் ஃபோலிக் அமிலத்துக்கு அந்தப் பெயர் பிறந்தது 1941இல். பெயர் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பே, அப்படி ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்தே கண்டுகொண்டவர் இந்த அம்மையார்.

நான் விலங்கியல் படிக்கும் மாணவி. நுண்ணோக்கியின் கீழே நியூபாவர் அறையை வைத்து, அதன் நுண்ணிய கட்டங்களுக்குள் விழுந்து கிடக்கும் சிவப்பணுக்களை எண்ணும் செய்முறை வகுப்பு எங்களுக்கு உண்டு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 50 இலட்சம் அணுக்கள் இருக்க வேண்டும். நான்கு கட்டம் எண்ணி முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். பக்கத்து மேசைத் தோழியின் கணக்கு நம் கணக்கோடு ஒத்து வராது. இந்த வேலையை ஆண்டுக்கணக்கில், பெண்கள் இரத்தத்திலும் எலிகள் இரத்தத்திலும் குரங்குகள் இரத்தத்திலும் செய்தவர் என்று அறிந்த நாள்முதல் எனக்கு லூசி வில்ஸிடம் தனி மதிப்பு உண்டாயிற்று.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்ட்ஃபீல்டு என்னும் ஊரில் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் அவர் பிறந்தார். வசதியான குடும்பம்; விஞ்ஞானத்தில் பற்றுள்ள குடும்பம். தந்தை விஞ்ஞானப் பட்டதாரி. உடன்பிறந்த அண்ணன் லெனார்டு பிற்காலத்தில் பெயர்பெற்ற நிலவியல் அறிஞரானார். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் பயின்ற லூசி, 1907இல் கேம்பிரிட்ஜில் உள்ள நியூனாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் படித்தார். 1911இல் தேர்வில் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. ஏனெனில் பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் பெறக்கூடாது என்பது அந்நாளைய கேம்பிரிட்ஜ் விதி. அந்த விதி 1948 வரை மாறவில்லை! சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதையும் அவ்வாறு சேர்ந்தவர்களுள் ஒருவரே மேலே சொன்ன மேரி ஷார்லீப் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1911இல் தந்தை காலமானார். 1913இல் அக்காள் ஈடித்தும் மறைந்தார். அவ்வாண்டு தாயோடு இலங்கைக்குப் பயணம் செய்த லூசி, 1914இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். அங்கிருக்கும்போதே முதல் உலகப் போர் மூண்டது. கேப்டவுன் மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் செவிலியர் பணி செய்தார். தாவரவியல் படித்த பெண் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். 1915 சனவரியில் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது வயது 26. உடன் படித்தவர்களில் பம்பாயில் மகப்பேறு மருத்துவராகப் புகழ்பெற்ற ஜெருஷா ஜிராதும் ஒருவர். இந்தியாவுக்குப் பெண் மருத்துவர்களை அனுப்பிக்கொண்டிருந்த பள்ளி அது. 1920இல் மருத்துவரானார் லூசி. ஆனால் தனியாக வைத்தியம் பார்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை. இராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆராய்ச்சிக் கூடத்திலேயே தங்கிவிட்டார்.

1928இல் அழைப்பு வந்தது. இந்தியாவில் பிரசவத்தில் தாய்மார் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் மருத்துவர் பம்பாயில் விசாரணை நடத்திவந்தார். பருத்தி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் ஒருவகைக் கடுஞ்சோகையால் தாக்குண்டனர். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். இதில் நேர்மாறு. அணுக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வோர் அணுவும் வழக்கத்தைவிடப் பெரியது. இரும்பு கொடுத்தால் கேட்காது. தாயும் மடிவாள், சேயும் மடியும். பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்துகொண்டு இதன் காரணத்தைக் காணும் பொறுப்பு லூசி வில்ஸிடம் வந்தது. லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை பொருளுதவி செய்தது.

அவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். எந்தச் சமூகத்தார், என்ன வருவாய், வாரத்துக்கு எத்தனை நாள் காய்கறி, பழம் உண்டா, பால் உண்டா, இறைச்சி உண்டா என்று விசாரித்தார். நோய் மிகுதியாகக் காணப்பட்டது ஏழை முஸ்லிம் பெண்களிடம். அவர்கள் உணவில் புரதம் குறைவு, பழமும் காய்கறியும் அருமை. வசதியான வீட்டுப் பெண்களிடம் இந்நோய் அரிது. ஆகவே குறை சோற்றுத் தட்டில்தான் இருக்கிறது என்று ஐயுற்றார். ஐயம் இருந்தால் போதுமா? மெய்ப்பிக்க வேண்டாமா? அதற்கு எலிகள் வேண்டும்.

எலிக்குப் பேர்போன இடம் அந்நாளில் நம் நீலகிரி! குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இராபர்ட் மக்காரிசன் சத்துணவு ஆராய்ச்சி நடத்தி வந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை வெள்ளெலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டி, பால், காய்கறி உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நம் பக்கத்து அரிசிச் சோற்றை உண்ட எலிகள் நோஞ்சான்களாக நின்றன. (இதைப் படித்தபோது எனக்குச் சற்றுக் கோபம் வந்தது உண்மை. ஆனால் எலிக்கு அரசியல் தெரியாது.) அந்த ஆராய்ச்சிக்கூடம் பிற்காலத்தில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லூசி வில்ஸ் குன்னூரில் பணியாற்றினார்.

பம்பாய் ஏழைப் பெண்கள் உண்ணும் உணவைப் போன்ற உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்தார். சினை எலிகள் சோகை கண்டன. குட்டி போடுமுன்பே இறந்தன. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்த எலிகள் தப்பின. வழக்கு முடிந்தது என்று வேறொருவர் எழுந்து போயிருப்பார். இங்கேதான் ஒரு பேன் வந்து குறுக்கிட்டது! எலியின் உடம்பில் ஊரும் பேன், பார்ட்டொனெல்லா என்று அக்காலத்தார் அழைத்த கிருமி ஒன்றை எலிக்கு எலி கடத்துகிறது. அக்கிருமி இரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை அழிக்கும். நல்ல நிலையில் உள்ள எலி அதை அடக்கி வைத்திருக்கும். மண்ணீரலை எடுத்துவிட்டாலோ சத்தில்லாத உணவைக் கொடுத்தாலோ கிருமியின் கை ஓங்கிவிடும். அப்படியானால் எலிகளுக்கு வந்த சோகை பெண்களுக்கு வந்த அதே சோகை என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. கிருமி புகுந்த இந்தச் சங்கதியைத் தம் அறிக்கையின் தலைப்பிலேயே அவர் எழுதி வெளியிட்டார். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இதுவே. ஒரு விலங்கிடம் சோகை இருக்கிறது என்று கண்டால் மட்டும் போதாது. இரத்தம் பிறக்கவில்லையா, அல்லது பிறந்த இரத்தம் அழிகிறதா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுபோலவே குறையும்.

எலியை விட்டுக் குரங்குக்குப் போனார். அதே குறை உணவை உண்ட குரங்குகளுக்குப் பெண்களிடம் கண்டதைப் போன்ற பேரணுச் சோகையே வந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தெளிந்தது. பிலிமோரியா என்ற உடன்பணியாளரோடு சேர்ந்து இதை அறிக்கையாக வெளியிட்டார். ஈஸ்ட் சாறு என்று நான் சொல்வது மார்மைட் என்ற பெயரில் விற்கும் பண்டம். பீர் வடித்தபின் தங்கும் ஈஸ்டிலிருந்து செய்வது. கறுப்பாக, பசைபோல், உப்புக் கரிக்கும். வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்பார்கள். விலை குறைவு. அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற மருத்துவர்கள் 1926இல் வேறொரு கொடிய சோகைக்கு நாள்தோறும் ஈரலைத் தின்னக் கொடுத்துக் குணம் கண்டிருந்தனர். ஆனால் ஆலைக்கூலிப் பெண் தினந்தோறும் ஈரலுக்கு எங்கே போவாள்?

மார்மைட்டைப் பெண்களுக்குக் கொடுத்தபோது கிடைத்த பலன், ஆராய்ச்சி செய்தவருக்கே வியப்பைத் தரும் வகையில் இருந்தது. அதை எப்படி அளந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பிஞ்சுச் சிவப்பணுவில் வலைபோன்ற ஒரு பொருள் எஞ்சியிருக்கும். தனிச் சாயம் ஏற்றினால் அது நீலமாகத் தெரியும். ரெட்டிகுலோசைட்டு என்பது அதன் பெயர். நலமான உடம்பில் நூறு சிவப்பணுவுக்கு ஒன்றோ இரண்டோதான் பிஞ்சு. மருந்து சரியானதென்றால் ஐந்தாறு நாளில் பிஞ்சுகளின் எண்ணிக்கை பன்மடங்காக ஏறி, பிறகு இறங்கும். அதன்பின் மொத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். தவறான மருந்தென்றால் பிஞ்சுகள் அசையா. மஜ்ஜைக்குள் இருந்த தடை நீங்கிவிட்டதா என்பதை எலும்பைத் துளைக்காமலே ஒரு துளி இரத்தத்தில் படித்துவிடலாம். நாள் தவறாமல் எண்ண வேண்டும், அவ்வளவே! 1931 ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளிவந்தன.

1937 இறுதியில் மீண்டும் பம்பாய் வந்து பத்து வாரம் உழைத்தார். பக்குவப்படுத்தாத ஈரல் சாறு இந்தச் சோகையைத் தீர்க்கிறது. நன்கு தூய்மைப்படுத்திய ஈரல் சாறோ தீர்ப்பதில்லை, ஆனால் அது மைனாட் கண்ட சோகையைத் தீர்க்கிறது. ஆகவே ஈரலுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருந்தாக வேண்டும். ஒன்று பின்னாளில் வைட்டமின் பி12 ஆயிற்று. மற்றொன்றை அறிஞர்கள் வில்ஸ் காரணி என்று அழைத்தனர். 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டன் கணக்கான பசலை வகைக் கீரையைப் பிழிந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதைச் செயற்கையாகத் தயாரித்தது லெடர்லி ஆய்வகம். அங்கே ஆராய்ச்சியின் தலைவராக இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்! இவ்வாறு, சென்னையிலும் குன்னூரிலும் தேடப்பட்ட பொருளைச் சென்னையில் படித்தவர் கடல்கடந்து செய்து முடித்தார்.

அணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் டி.என்.ஏ. இரட்டிப்பாக வேண்டும். அதற்கு வேண்டிய ஒரு செங்கல்லைச் செய்ய ஃபோலிக் அமிலம் துணை நிற்கிறது. அது இல்லாதபோது மஜ்ஜையில் உள்ள இளம் அணுக்கள் வளர்கின்றன, பருக்கின்றன. பிரிய மட்டும் முடிவதில்லை. அதனால்தான் எண்ணிக்கை குறைவு, உருவம் பெரிது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 20,000 கோடிச் சிவப்பணுக்களைப் பிறப்பிக்க வேண்டிய மஜ்ஜைக்கு இந்தக் குறை எவ்வளவு பெரிய இடி! கருவுற்ற பெண்ணுக்கோ இரண்டு உடம்புக்கு வேண்டும்.

பம்பாய் ஆலைப் பெண்களின் கதையைப் படிக்கும்போது நம் ஊர்ச் சாலைகளே என் நினைவுக்கு வந்தன. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் விடியற்காலை நின்றால் தொழிற்சாலைப் பஸ்கள் வரிசையாகப் போவதைக் காணலாம். அவற்றில் சன்னலோரம் சாய்ந்து உறங்குவோரில் பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். கார், கைப்பேசி, கண்ணாடி என்று உலகுக்கே பண்டம் செய்து அனுப்பும் இடம் இது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது என்றால் எத்தனை பெண்கள் இங்கே உழைக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்.

என் அக்காவும் அப்படி ஒரு பஸ்ஸில் மூன்றாண்டு போய் வந்தவள். திருமணமாகி ஐந்தாம் மாதத்தில் சோதித்தபோது ஹீமோகுளோபின் 7.8 கிராம். குறைந்தது 11 இருக்க வேண்டும். மூச்சு வாங்குவதைக் கர்ப்பத்தின் இயல்பு என்று வீட்டில் எல்லாரும் எண்ணியிருந்தோம். சுகாதார நிலையத்துச் செவிலியர் மாத்திரை தருமுன் நேற்றுக் காலைமுதல் இரவுவரை என்னென்ன சாப்பிட்டாய் என்று ஒன்றொன்றாகக் கேட்டார். காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், பகலில் சோறும் சாம்பாரும், இரவில் தோசை. கீரை எப்போது என்று கேட்டதற்கு அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. இன்று நம் பெண்களிடம் மிகுதியாக இருப்பது இரும்புக் குறைவுச் சோகைதான்; லூசி வில்ஸ் கண்டது வேறு வகை. இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு. அதனால்தான் மாத்திரையில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஒரு மாதம் கழித்து அக்காவின் கணக்கு 9.1 ஆயிற்று. பள்ளிகளில் வாரம் ஒன்றாகத் தரப்படும் நீல மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்த தோழியர் சிலரை எனக்குத் தெரியும். வயிற்றைப் புரட்டுகிறது என்பார்கள். புரட்டுவது உண்மைதான், உணவுக்குப் பின் விழுங்கினால் அவ்வளவு புரட்டாது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இந்த அமிலத்துக்கு இன்னொரு பயனும் பிற்பாடு தெரிய வந்தது. கருவில் முதுகுத்தண்டு மூடாமல் போகும் குறையை அது தடுக்கிறதா என்று ஏழு நாடுகளில் சோதித்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, 100க்கு 72 பங்கு தடுக்கிறது என்று 1991இல் அறிவித்தது. கரு தரித்த முதல் சில வாரங்களிலேயே அது உடம்பில் இருக்க வேண்டும்.

லூசி வில்ஸ் அம்மையார் அதைக் காண இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோய்க்கூறியல் பணியைக் கவனித்தார். 1944 ஜூலையில் மருத்துவமனைமேல் குண்டு விழுந்தது. அதற்கும் அசையாமல் அங்கே இரத்தவியலுக்கென முதன்முதலில் ஒரு பிரிவை ஏற்படுத்தினார். 1947இல் ஓய்வு பெற்றவர் வீட்டில் உட்காரவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் ஏழைகளின் உணவையும் இரத்தத்தையும் சோதித்துக்கொண்டே இருந்தார். மலையேறுவார், பனிச்சறுக்குவார், சைக்கிளில் வேலைக்குப் போவார். மணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் தொழிற்கட்சியின் சார்பில் இலண்டன் செல்சி நகரசபையில் உறுப்பினராகவும் இருந்தார். 1964 ஏப்ரல் 16ஆம் நாள் காலமானார்.

அதே 1964இல் கனடாவின் டொரோண்டோ நகரில் சோகை எலிகளைப் பற்றிய மற்றோர் அறிக்கை வெளிவந்தது. இரத்தத்தைப் பிறப்பிக்கும் மூல அணுக்களை, இன்று ஸ்டெம் செல் என்று சொல்கிறோமே அவற்றை, எண்ண முடியும் என்று டில், மெக்கல்லக் என்ற இருவர் 1961இல் காட்டியிருந்தனர். சுண்டெலி ஒன்றின் சொந்த மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்துவிட்டு, வேறோர் எலியின் மஜ்ஜையணுக்களை ஊசி வழியே ஏற்றினார்கள். பத்து நாளில் அதன் மண்ணீரலில் கண்ணுக்குத் தெரியும் முடிச்சுகள் எழுந்தன. முடிச்சு ஒவ்வொன்றும் ஒரேயோர் அணுவின் வழித்தோன்றல். முடிச்சை எண்ணினால் மூல அணுவை எண்ணியதாகும். 1964இல், பிறவியிலேயே பேரணுச் சோகை உள்ள ஒரு வகைச் சுண்டெலியின் மஜ்ஜையை இவ்வாறு ஏற்றிப் பார்த்தபோது முடிச்சுகள் எழும்பவில்லை. அங்கே விதையே பழுது. அடுத்த ஆண்டு வேறொரு வகைச் சோகை எலியைச் சோதித்தனர். அதன் மஜ்ஜை பிற எலியின் உடம்பில் நன்றாக முளைத்தது. அதன் சொந்த உடம்பில்தான் யாருடைய அணுவும் முளைக்கவில்லை. அங்கே நிலம் பழுது. லூசி வில்ஸ் கண்ட பெண்களிடம் விதையும் பழுதில்லை, நிலமும் பழுதில்லை. எரு இடப்படாமல் கிடந்த வயல் அது. ஒரு கரண்டி மார்மைட் உள்ளே போன ஆறாம் நாள் பிஞ்சுகள் தலைகாட்டின.